கால் என்ற ஒரு சொல்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சிப் பக்கத்து ஊர் ஒன்றில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். "கால்" என்பது இரண்டே எழுத்துச் சொல். ஆனாலும் வகுப்பில் நான் அதிகம் விளக்க வேண்டி வந்த சொல் இதுதான். பிள்ளைகள் கேட்டவை, பெற்றோர் வாசலில் நின்று கேட்டவை, லீவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த உறவுகள் கேட்டவை எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கால் என்றால் முழுக்காலா, பாதம் மட்டுமா?

இரண்டும்தான். "கால் முறிஞ்சு போச்சு" என்றால் பாதத்துக்கு மேலே இருக்கிற பகுதி. "காலில முள்ளுக் குத்திப்போட்டுது" என்றால் பாதம். "பிள்ளை, கால் முகம் கழுவிப்போட்டு வா" என்று அம்மம்மா சொன்னால் கணுக்காலுக்குக் கீழே கழுவினால் போதும். பாதம் என்ற சொல்லைக் கோயிலிலும் ஆஸ்பத்திரியிலும்தான் அதிகம் கேட்கலாம். வீட்டில் எல்லாமே கால்.

வன்னியில் காலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது தண்ணீரை அளக்கும் கோல். வயலில் கணுக்கால் தண்ணி நிற்கிறதா, கெண்டைக்காலுக்கு வந்துவிட்டதா என்று பார்த்துத்தான் வரம்பை வெட்டுவார்கள். மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்து தெருவை மூடினால் முதலில் ஒருவர் இறங்கி நடப்பார். "முழங்காலுக்கு வருது" என்று அவர் சொன்னால் மோட்டார் சைக்கிள்காரர் திரும்பிவிடுவார்கள். மீற்றர் கணக்கில் யாரும் சொல்வதில்லை, சொன்னாலும் அந்த நேரத்தில் உதவாது.

நாலில் ஒரு பங்கை ஏன் கால் என்கிறோம்?

மாட்டைப் பாருங்கள். நாலு காலில் நிற்கிறது. நாலில் ஒன்று ஒரு கால். இந்த விளக்கம்தான் பொதுவாகச் சொல்லப்படுவது, எனக்கும் இதுவே பொருத்தமாகப் படுகிறது. வடமொழியிலும் "பாத" என்ற சொல் பாதத்தையும் நாலில் ஒரு பங்கையும் சேர்த்தே குறிக்கிறது. மனிதனின் உடம்பைப் பார்த்துப் பிறந்திருந்தால் கால் என்பது பாதி ஆகியிருக்கும். நாலுகால் மிருகத்தோடு வாழ்ந்தவர்கள் எண்ணிய கணக்கு இது.

எங்கள் பக்கம் இந்தக் கால் இன்னும் நன்றாக ஓடுகிறது. கால் கிலோ பருப்பு, கால் போத்தல் நல்லெண்ணெய், கால் மணித்தியாலம், பத்தேகால், பத்தே முக்கால். காணிக் கணக்கில் 16 பரப்பு ஒரு ஏக்கர். ஆகவே கால் ஏக்கர் என்றால் 4 பரப்பு. குளத்துத் தண்ணியில் செய்கிற சிறுபோகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் குளத்துத் தண்ணியைப் பார்த்து எவ்வளவு காணி விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். அங்கே "இந்தமுறை கால்வாசிதான்" என்ற ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் ஆறு மாதம் அடங்கிவிடும்.

பழைய தமிழ்க் கணக்கில் கால் என்ற பின்னத்துக்குத் தனிக் குறியே இருந்தது. வ என்ற எழுத்தைப் போல எழுதுவார்கள். எட்டு என்ற எண்ணுக்குக் குறி அ. "எட்டேகால் லட்சணம்" என்று ஒருவரை ஏசினால் அவலட்சணம் என்று பொருள் வருவது அதனால்தான்.

அப்படியானால் அரைக்கால் என்றால் பாதிக் காலா?

இல்லை. காலில் அரை, அதாவது 1/8. ஒரு காலும் அரைக்காலும் சேர்ந்தால் காலேயரைக்கால், 3/8. ஆனால் "அரைக் காற்சட்டை" என்று வரும்போது இந்தக் கணக்கு ஓடாது. அது முழங்கால் வரை வருகிற சட்டை, எட்டில் ஒரு பங்குச் சட்டை இல்லை. ஒரு பிள்ளை பரீட்சைத் தாளில் அப்படி விளக்கி எழுதியிருந்தது. பிழை என்று கீற எனக்கு மனம் வரவில்லை. பின்னத்தைச் சரியாக விளங்கியிருந்த பிள்ளை அது.

முக்கால், முக்காலி இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். முதலாவது மூன்று காற்பங்கு. இரண்டாவது மூன்று கால் உள்ள இருக்கை.

வாய்க்காலில் இருக்கிற கால் எது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கொஞ்சம் கூட நேரம் எடுப்பேன்.

வன்னி குளங்களின் நாடு. இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, பாவற்குளம் என்று பெரிய குளங்கள் ஒரு பக்கம். ஊருக்கு ஊர் இருக்கிற சின்னக் குளங்கள் மறுபக்கம். குளத்தில் கிடக்கிற தண்ணி தானாக வயலுக்கு வராது. குளக்கட்டில் இருக்கிற துருசை, அதாவது மதகைத் திறந்தால் பெரிய வாய்க்காலில் இறங்கும். அதிலிருந்து கிளை வாய்க்கால், அப்புறம் வயல் வாய்க்கால், கடைசியில் வரம்பில் வெட்டிய வாயால் பாத்திக்குள். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுவின் தண்ணி இடதுகரை, வலதுகரை என்று இரண்டு பக்கமாகப் பிரிந்து இப்படித்தான் நடந்து போகிறது.

நடந்து போகிறது என்று வேண்டுமென்றே எழுதினேன். நான் சின்னவனாக இருந்தபோது அப்பு சொல்லித் தந்தது இது: "குளம் வாயால விடும், காலால நடக்கும். அதுதான் வாய்க்கால்." அழகான விளக்கம். பிள்ளைகள் ஒருதரம் கேட்டால் மறக்க மாட்டார்கள். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். "கால்" என்ற சொல்லுக்குத் தனியாகவே நீரோடும் வழி என்ற பொருள் உண்டு. வாய் என்பது நீர் வெளியேறும் திறப்பு. திறப்பிலிருந்து போகும் நீர்வழி வாய்க்கால். உடம்பின் காலோடு இந்தக் காலுக்கு உறவு உண்டா என்று கேட்டால், அகராதிகள் இரண்டையும் தனித்தனிச் சொல்லாகவே தருகின்றன.

அப்புவின் விளக்கத்தை நான் இன்னும் வகுப்பில் சொல்கிறேன். சொல்லிவிட்டு, இது கதை, அகராதி வேறு மாதிரிச் சொல்கிறது என்றும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டையும் தாங்குகிற வயது பிள்ளைகளுக்கு உண்டு.

வாய்க்கால், கால்வாய் இரண்டும் ஒன்றா?

பொருளில் பெரும்பாலும் ஒன்று. கால்வாய் என்பதைப் பெரிய, வெட்டிய நீர்வழிக்குப் புத்தகத்திலும் செய்தியிலும் எழுதுவார்கள். வயலில் நிற்கிற கமக்காரர் வாயில் வருவது வாய்க்கால்தான்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். மாட்டுக்கு வரும் நோய் ஒன்றைக் "கால்வாய் நோய்" என்று எழுதுகிறார்கள். அது கால் மற்றும் வாய் நோய். காலிலும் வாயிலும் புண் வரும் நோய், தமிழ்நாட்டில் கோமாரி என்பார்கள். கால், வாய் என்ற இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு எழுதினால் குழப்பம் இல்லை. பட்டி வைத்திருக்கிற குடும்பங்களுக்குப் போகிற துண்டுப் பிரசுரத்தில் இந்தச் சின்ன இடைவெளி முக்கியம் என்று நினைக்கிறேன்.

முள்ளிவாய்க்கால் என்ற பெயருக்கு என்ன பொருள்?

முள்ளி என்பது ஈரமான இடத்தில் வளரும் முள்ளுள்ள செடி. முள்ளியும் வாய்க்காலும் சேர்ந்த ஊர்ப் பெயர். முல்லைத்தீவில், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய நிலம். ஒரு செடியையும் ஒரு நீர்வழியையும் பார்த்து யாரோ வைத்த சாதாரணப் பெயர்.

2009 மே மாதத்துக்குப் பிறகு இந்தப் பெயரைச் சாதாரணமாகச் சொல்ல எங்களால் முடிவதில்லை. மே 18 அன்று கஞ்சி காய்ச்சிப் பகிரும்போது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சின்னப் பிள்ளை, "அங்க இன்னும் வாய்க்கால் இருக்கா?" என்று கேட்டது. பெரியவர்கள் ஒருவரும் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லின் பொருளைக் கேட்கிற பிள்ளைக்குப் பொருளைச் சொல்லுங்கள். அந்த ஊர் அதற்கு முன்பும் மனிதர் வாழ்ந்த ஊர், செடி முளைத்த ஊர் என்பதும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

காலபோகம், காலமை, ஒருக்கா: இவையும் கால்தானா?

காலபோகத்தில் இருப்பது காலம். மாரி மழையை நம்பி விதைக்கிற பெரும் போகம் அது. குளத்துத் தண்ணியில் செய்வது சிறுபோகம். காலம் தமிழ்ச்சொல்லா வடசொல்லா என்று அறிஞர்கள் நிறைய வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதத்துக்குள் இங்கே போகவில்லை.

"காலமை வாறன்" என்பதில் வருவது காலை. அதாவது விடிந்த பிறகு வருகிறேன். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இந்தக் காலமை புதிதாக இருக்கும்.

"ஒருக்கா" எனக்கு மிகவும் பிடித்த சொல். ஒருக்கால் என்பதன் பேச்சு வடிவம் அது. இங்கே கால் என்பதற்குத் தரம், தடவை என்று பொருள். "ஒருக்காலும் மாட்டேன்" என்றால் ஒரு தடவைகூட மாட்டேன். ஆனால் எங்கள் பேச்சில் ஒருக்கா எண்ணிக்கையை விட்டு எப்போதோ விலகிவிட்டது. "அண்ணை, ஒருக்கா துருசடிக்கு வந்திட்டுப் போங்கோ" என்று கூப்பிட்டால், எத்தனை தரம் என்பது அங்கே பேச்சே இல்லை. தயவுசெய்து என்ற சொல்லை நாங்கள் வாய்விட்டுச் சொல்வது குறைவு. அந்த வேலையை ஒருக்கா செய்கிறது.

வேலிக்குக் கதியால் நடுகிறோமே, அதிலும் கால் இருக்கிறதா?

இருக்கிறது. கதிகால் என்றும் எழுதுவார்கள், பேச்சில் கதியால். நட்டு நிறுத்துகிற கம்பத்துக்குக் கால் என்று பெயர். பந்தலுக்குப் பந்தற்கால், கட்டிலுக்குக் கட்டிற்கால், வேலிக்குக் கதியால்.

கதியாலின் சிறப்பு அது உயிருள்ள கால் என்பது. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை போன்றவற்றின் தடியை வெட்டி மாரி தொடங்க ஊன்றிவிட்டால் வேர் பிடிக்கும். குழையை ஆடு தின்னும், வயலுக்கும் தாழ்க்கலாம். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது எங்கள் வளவில் எல்லை தெரியவில்லை. பக்கத்து வீட்டு மாமா எங்கிருந்தோ ஒரு கட்டுக் கதியால் கொண்டுவந்து போட்டார். நாங்கள் அங்கே முதலில் ஊன்றியது அதுதான். வீடு அப்புறம்தான் வந்தது.

கலியாணத்தில் வருகிற கன்னிக்காலும் இப்படித்தான். தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்கலன்று முள்முருக்குத் தடி ஒன்றை ஈசான மூலையில் ஊன்றுவார்கள். அது தளிர்க்கிறதா என்று வீட்டுப் பெண்கள் பிறகு பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

நாற்காலி என்று ஏன் நாங்கள் சொல்வதில்லை?

எங்களுக்கு அது கதிரை. போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். நாலு கால் உள்ளது நாற்காலி என்பது பிள்ளைகளுக்குப் புத்தகத்தில்தான் வருகிறது. அதுபோலக் கால்பந்து என்று எழுதினாலும் மைதானத்தில் அது உதைபந்தாட்டம்.

பழந்தமிழில் கால் என்றால் காற்று என்கிறார்களே?

ஆம். காற்று என்ற சொல்லே அந்தக் காலோடு உறவுடையது. தெற்கிலிருந்து வரும் மெல்லிய காற்று தென்கால்.

சில்லுக்கும் கால் என்று பெயர் இருந்தது. குறள் 496 இல் "கடலோடா கால்வல் நெடுந்தேர்" என்று வருகிறது. வலிய சில்லுகளைக் கொண்ட பெரிய தேர் கடலில் ஓடாது என்று பொருள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது உழவு இயந்திரத்தின் பெரிய சில்லைக் காட்டினால் போதும். வண்டி எதனால் நடக்கிறதோ அது அதன் கால்.

இன்னொன்று வினையோடு ஒட்டிவரும் கால். குறள் 379 இல் "நன்றாங்கால்", "அன்றாங்கால்" என்று வருகின்றன. நன்மை வரும்போது, வராதபோது என்று விளங்கிக்கொள்ளலாம். ஒருக்கா என்பதில் இருக்கிற நேரப்பொருள் இங்கேயும் எட்டிப் பார்க்கிறது.

கால் என்று ஒரு வினையும் உண்டு. வெளியே விடுதல், உமிழ்தல் என்று பொருள். நஞ்சைக் கான்ற பாம்பு என்று பாட்டில் வரும். பேச்சில் இல்லை.

கா என்ற எழுத்தில் வரும் கோட்டைக் கால் என்பதா, அரவு என்பதா?

இரண்டும் சரி. தமிழ்நாட்டில் கால், துணைக்கால் என்பார்கள். எங்கள் பள்ளிக்கூடங்களில் அரவு. வெளிநாட்டுத் தமிழ் வகுப்பில் இரண்டு நாட்டு ஆசிரியரும் இருந்தால் இரண்டு பெயரையும் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

கால்நடையாகப் போனார் என்கிறோம், மாட்டையும் கால்நடை என்கிறோம். எப்படி?

காலால் நடப்பது கால்நடை. காலால் நடக்கிற செல்வமும் கால்நடை. நெல்லை மூட்டை கட்டித் தூக்க வேண்டும், மாடு தானே நடந்து வரும். இடம்பெயர்வின்போது பட்டியோடு நடந்தவர்களும் உண்டு, கயிற்றை அவிழ்த்துவிட்டு அழுதுகொண்டு நடந்தவர்களும் உண்டு. இரண்டு பொருளும் ஒரே தெருவில் போன நாட்கள் அவை.

காலை வைத்து நிறையப் பழமொழி இருக்கிறதே. எதை எங்கே சொல்லலாம்?

வன்னிக்காரருக்கு உடனே விளங்குவது "ஆழம் தெரியாமல் காலை விடாதே". குளத்தில் இறங்கிப் பழகியவர்கள் நாங்கள். "அகலக்கால் வைக்காதே" என்பதை வரம்பில் நடக்கச் சொல்லிக் காட்டலாம். ஒடுங்கிய வரம்பில் எட்டிக் கால் வைத்தால் சேற்றுக்குள்தான். கடன் எடுத்துப் பெரிதாகச் செய்ய வெளிக்கிடுகிறவரிடம் பெரியவர்கள் இதைச் சொல்வார்கள். கால்கட்டு என்றால் கலியாணம். காலை வாருதல் என்றால் நம்பியவரைக் கவிழ்த்தல். காலில் விழுதல் கோயிலில் பக்தி, வேறு இடத்தில் வேறு.

"அவள் கால் வைச்ச நேரம்" என்று புதுப் பெண்ணைச் சொல்வதை நான் விடச் சொல்வேன். நல்லது நடந்தால் புகழ்ச்சி போல இருக்கும். கெட்டது நடந்தால் அந்தப் பிள்ளையின் தலையில் விழும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் செல் என்கிற எறிகணையாலும் மிதிவெடியாலும் கால் இழந்தவர்கள் பலர். மிதிவெடி என்ற சொல்லிலேயே பாதம் இருக்கிறது. "ஒற்றைக்காலில் நிற்கிறான்" என்றால் பிடிவாதம் பிடிக்கிறான் என்று அகராதி சொல்லும். கொக்கைப் பார்த்து வந்த சொல்லாக இருக்கலாம். ஆனால் ஊன்றுகோலோடு ஒருவர் இருக்கும் சபையில் அதைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். "பிடிச்ச பிடியில நிற்கிறான்" என்று சொன்னால் பொருள் குறையாது. அவர் உங்கள் நண்பராக இருந்து, அவரே அப்படிப் பேசுகிறவராக இருந்தால் அது அவருடைய உரிமை.

பொருத்துகிற காலைச் செயற்கைக் கால் என்று எழுதலாம். பொய்க்கால் என்று பேச்சில் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. அந்தக் காலோடு நாற்று நடுகிறார்கள், சைக்கிள் மிதிக்கிறார்கள். அதில் பொய் எங்கே இருக்கிறது? பலர் ஜெய்ப்பூர் கால் என்றே பெயர் சொல்லிக் கேட்பார்கள். 1968ஆம் ஆண்டளவில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற மருத்துவரும் உருவாக்கியது அது. ரப்பர்ப் பாதம் என்பதால் சப்பாத்து இல்லாமலே நடக்கலாம், ஈரத்திலும் சேற்றிலும் இறங்கலாம். வயற்காரருக்குப் பொருந்திய கால்.

கால், காற், கான்: எப்படி எழுதுவது?

கால் என்பதற்குப் பின் க, ச, ப வந்தால் ல் பெரும்பாலும் ற் ஆகும்: காற்சட்டை, காற்சிலம்பு, காற்பங்கு. ஆனால் கால்பந்து, கால்கட்டு போல அப்படியே நிலைத்தவையும் உண்டு. அவற்றைத் திருத்தப் போக வேண்டாம். ம வந்தால் ன் ஆகலாம்: கால்முளை, கான்முளை. காலில் முளைத்தது, அதாவது வழித்தோன்றல். கால்வழி என்றாலும் பரம்பரைதான்.

காற்சிலம்பு என்றதும் எங்கள் பிள்ளைகள் முல்லைத்தீவில் இருக்கிற வற்றாப்பளைக் கண்ணகி அம்மனை நினைப்பார்கள். கண்ணகியின் கதை அவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் தொடங்குவதில்லை. வைகாசிப் பொங்கலில், கடல்நீரில் எரிகிற விளக்கின் முன்னால் தொடங்குகிறது.

அப்படியானால் இது ஒரு சொல்லா, பல சொல்லா?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தது. அதிலும், பறோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியிலும், கால் ஒரே பதிவாக இல்லை. உடம்பின் கால் ஒரு பதிவு. நீர்வழி வேறொன்று, காற்று வேறொன்று. தூணும் கட்டிற்காலும் உடம்பின் காலோடு சேர்ந்து நிற்கின்றன. ஒரே ஓசையில் பல சொற்கள் வந்து கூடியிருக்கின்றன என்பதுதான் சரியான பதில்.

வெளிநாட்டில் வளர்கிற என் மகளுக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

அட்டவணை போட்டுக் கொடுக்காதீர்கள். மார்கழி லீவுக்கு வரும்போது விடியக் காலமை வயலுக்குக் கூட்டிப் போங்கள். செருப்பைக் கழற்றி வரம்பில் நடக்க விடுங்கள். வாய்க்காலுக்குள் இறங்கினால் தண்ணி எதுவரை வருகிறது என்று கேளுங்கள். கணுக்காலா, முழங்காலா? திரும்பி வரும்போது வேலியில் எந்தக் கதியால் தளிர்த்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கடையில் கால் கிலோ சீனி வாங்க அவளையே அனுப்புங்கள். வீட்டு வாசலில் அம்மம்மா நின்று, "ஒருக்கா கால் முகம் கழுவிப்போட்டு உள்ள வா பிள்ளை" என்பார். அதில் எத்தனை கால் இருந்தது என்று அப்போது கேளுங்கள்.